தகர டப்பாவைக்கூடச் சுட முடியாத ஹீரோ

'ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்' பார்த்தவர்களுக்கு கிளின்ட் ஈஸ்ட்வுட் புதியவர் அல்ல. 2023-ல் வந்த அந்தப் படத்தில் ராகவா லாரன்ஸ் நடித்த அல்லியஸ் சீசர், ஈஸ்ட்வுட்டின் பரம ரசிகன். தொப்பி, வாயோரம் சுருட்டு, இடுங்கிய கண்கள், மின்னல் வேகத்தில் துப்பாக்கியை உருவும் கை. தமிழ் ரசிகர் மனதில் பதிந்திருக்கும் ஈஸ்ட்வுட் அவர்தான். 1964, 65, 66 என்று மூன்று வருடம் வரிசையாக செர்ஜியோ லியோனி இயக்கத்தில் வந்த படங்களின் ஈஸ்ட்வுட்.

அந்த ஆளைத் தேடிக்கொண்டு போய் 1992-ல் வந்த 'அன்ஃபர்கிவன்' படத்தைப் போட்டு உட்காருபவருக்கு முதல் கால் மணி நேரத்திலேயே ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. திரையில் ஒரு கிழவர் பன்றிகளைத் துரத்துகிறார். வழுக்கிச் சேற்றில் முகம் குப்புற விழுகிறார். குதிரையில் ஏறப் பார்க்கிறார், அது தள்ளிவிடுகிறது. தகர டப்பாவை வைத்துக் கைத்துப்பாக்கியால் சுடுகிறார். ஒரு குண்டுகூடப் படவில்லை. கடைசியில் வீட்டுக்குள் போய்ப் பெரிய ஷாட்கன்னை எடுத்து வந்து டப்பாவைத் தூக்கி எறிகிறார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தப் படம் பற்றி ரசிகர்களிடம் இருக்கும் கருத்து மோதல் இங்கேயே தொடங்கிவிடுகிறது. 'நிதானமான, அற்புதமான படம்' என்று ஒரு கட்சி. 'ஆஸ்கர் வாங்கிய படம் என்று சொன்னார்கள், தூக்கம்தான் வந்தது' என்று இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் நியாயம் உண்டா? கதையை முழுசாகப் பேசாமல் அதைச் சொல்ல முடியாது. படம் பார்க்காமல், முடிவும் தெரியாமல் இருக்க விரும்புகிறவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

கதை நடப்பது 1880-ல். அமெரிக்காவின் வயோமிங் பகுதியில் பிக் விஸ்கி என்ற சிற்றூர். அங்குள்ள மதுவிடுதியில் பாலியல் தொழில் செய்யும் டிலைலா என்ற இளம்பெண், வாடிக்கையாளன் ஒருவனின் உடலைப் பார்த்து அறியாமல் சிரித்துவிடுகிறாள். அவன் கத்தியை எடுத்து அவள் முகத்தைக் கீறிவிடுகிறான். ஊர் ஷெரிஃப் லிட்டில் பில் வருகிறார். பஞ்சாயத்து நடக்கிறது. தீர்ப்பு என்ன தெரியுமா? கீறியவனும் அவன் கூட்டாளியும் விடுதி முதலாளிக்கு ஏழு குதிரைகள் தர வேண்டும். நஷ்டம் முதலாளிக்காம். முகம் கிழிந்த பெண்ணுக்கு ஒன்றும் கிடையாது.

விடுதிப் பெண்கள் கொதித்துப்போகிறார்கள். சேமித்துவைத்த காசையெல்லாம் ஒன்றாகப் போட்டு, அந்த இரண்டு பேரையும் கொல்பவருக்கு 1,000 டாலர் என்று அறிவிக்கிறார்கள். செய்தி கன்சாஸில் பன்றி வளர்க்கும் வில்லியம் மன்னியின் காதுக்கு வருகிறது. மன்னி ஒரு காலத்தில் பெண்கள், குழந்தைகள் என்று பார்க்காமல் கொன்ற கொடூரன். கிளாடியா என்ற பெண் அவரைக் கல்யாணம் செய்து, குடியை விடவைத்து, மனிதனாக்கினாள். அவள் அம்மை கண்டு இறந்துபோனாள். இப்போது பன்றிகளுக்குக் காய்ச்சல், வீட்டில் பணமில்லை, இரண்டு பிள்ளைகள். பழைய தோழன் நெட் லோகனையும், வந்து அழைத்த இளைஞனையும் சேர்த்துக்கொண்டு கடைசியாக ஒரு முறை என்று கிளம்புகிறார்.

முதல் புகாருக்கு வருவோம். படம் மெதுவாகப் போகிறது. உண்மைதான். 130 நிமிடப் படத்தில் மன்னியின் முதல் குண்டு ஒரு மனிதன்மேல் பாய்வதற்கு ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டும். அதுவரை புல்வெளியில் குதிரை நடக்கிறது, மழை பெய்கிறது, இரண்டு கிழவர்கள் நெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்தபடி 'வீட்டுப் படுக்கையில் படுத்தால் எவ்வளவு சுகமாக இருக்கும்' என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். செல்போனில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு இது சோதனைதான்.

ஆனால், வயதான ஆளின் கதையை வேறு எந்த வேகத்தில் சொல்வது? மன்னிக்குக் குதிரை ஏறவே மூன்று முயற்சி வேண்டும். மழையில் நனைந்தால் காய்ச்சல் வருகிறது. காய்ச்சலில் செத்துப்போன மனைவியின் முகம் கண்ணுக்குத் தெரிகிறது. டேவிட் வெப் பீப்பிள்ஸ் 1970-களில் எழுதிய கதை இது. எண்பதுகளிலேயே ஈஸ்ட்வுட் கைக்கு வந்துவிட்டது. உடனே எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. அந்தப் பாத்திரத்துக்குத் தேவையான வயது தனக்கு வரட்டும் என்று பெட்டியில் வைத்துக் காத்திருந்தார். 1930-ல் பிறந்தவர், படம் வெளியானபோது 62 வயது. முகத்தில் உள்ள சுருக்கம் ஒவ்வொன்றும் சொந்தச் சுருக்கம்.

இரண்டாவது புகார், கதைக்குச் சம்பந்தமில்லாத பாத்திரங்கள் வந்து நேரத்தைத் தின்கிறார்கள் என்பது. முக்கியமாக இங்கிலீஷ் பாப். ரிச்சர்ட் ஹாரிஸ் நடித்த இந்தத் துப்பாக்கி வீரர் படத்தின் நடுவே ரயிலில் வருகிறார். கூடவே ஓர் எழுத்தாளர், பாப்பின் வீரசாகசங்களைப் புத்தகமாக எழுதுபவர். ஊருக்குள் ஆயுதம் கொண்டு வரக் கூடாது என்ற சட்டத்தை மீறியதற்காக ஷெரிஃப் நடுத்தெருவில் பாப்பை உதைத்து, சிறையில் போட்டு, ஊரைவிட்டே விரட்டிவிடுகிறார். மன்னியை அவர் சந்திப்பதுகூட இல்லை. 'இந்த இருபது நிமிடத்தை வெட்டிவிட்டால் என்ன குறைந்துவிடும்?' என்று கேட்பவர்கள் உண்டு.

குறையும். அந்த எழுத்தாளர்தான் நாம். புத்தகத்தில் பாப் ஒரு பெண்ணின் மானம் காக்க எதிரியை நேருக்கு நேர் சுட்டு வீழ்த்தியவர். சம்பவத்தை நேரில் பார்த்த ஷெரிஃப் சிறைக்குள் உட்கார்ந்து உண்மையைச் சொல்கிறார். பாப் குடிபோதையில் இருந்தார். எதிரியின் துப்பாக்கி அவன் கையிலேயே வெடித்துவிட்டது. நிராயுதபாணியாக நின்றவனைப் பாப் சுட்டுக் கொன்றார். அவ்வளவுதான் வீரம். எழுத்தாளருக்கு முகம் வாடிப்போகிறது. ஆனால் ஐந்து நிமிடத்தில் தேறிக்கொண்டு, இப்போது ஷெரிஃபின் கதையைக் குறிப்பெடுக்க ஆரம்பித்துவிடுகிறார். ஒரு ஹீரோ பொய்த்துப்போனால் அவருக்கு அடுத்த ஹீரோ வேண்டும்.

இதே விஷயம் படம் முழுக்க ஓடுகிறது. டிலைலாவுக்கு நடந்தது கத்திக்காயம். அது வாய்மாறி வாய் போகும்போது வளர்ந்துகொண்டே போகிறது. மன்னியை அழைக்க வரும் இளைஞன் கண்ணையும் காதையும் அறுத்துவிட்டதாகச் சொல்கிறான். மன்னி அதை நெட்டிடம் சொல்லும்போது விரல்களும் போய்விடுகின்றன. அப்படிச் சொல்லிக்கொண்டால்தான் கொலைக்குப் போவதற்கு மனம் ஒப்புகிறது.

படத்தின் இதயம் ஒரு பள்ளத்தாக்குக் காட்சி. கத்தியால் கீறியவன் ஒருவன், அவனோடு வந்த டேவி இன்னொருவன். டேவி அவ்வளவு கெட்டவன் இல்லை. தண்டனையாகச் சொன்ன குதிரைகளோடு தன் நல்ல குட்டிக் குதிரை ஒன்றையும் டிலைலாவுக்கென்று தனியாகக் கொண்டுவந்து கொடுக்கப் பார்த்தவன். அவன்தான் முதலில் மாட்டுகிறான். நெட் ரைஃபிளால் சுடுகிறார். குதிரை விழுகிறது, டேவியின் கால் ஒடிகிறது. அவன் தரையில் ஊர்கிறான். அடுத்த குண்டைச் சுட நெட்டுக்குக் கை வரவில்லை. மார்கன் ஃப்ரீமன் அந்த இடத்தில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிறார். மன்னி வாங்கிச் சுடுகிறார். குறி தவறுகிறது, மறுபடி சுடுகிறார், வயிற்றில் படுகிறது.

வழக்கமான படத்தில் குண்டு பட்டவன் கீழே விழுவான், கேமரா அடுத்த ஆளிடம் போகும். இங்கே டேவி சாகவே நேரம் எடுத்துக்கொள்கிறான். பாறைக்குப் பின்னால் இருந்து 'தாகமாக இருக்கிறது, தண்ணீர் கொடுங்கள்' என்று நண்பர்களைக் கெஞ்சுகிறான். சுட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் யாரும் வெளியே வரவில்லை. சுட்ட மன்னியே பொறுக்க முடியாமல் கத்துகிறார்: 'நாங்கள் சுட மாட்டோம், அவனுக்குத் தண்ணீர் கொடுங்களடா!' கொன்றவனும் கொல்லப்படுபவனும் அந்தச் சாவு முடிவதற்காகக் காத்திருக்கிறார்கள். பார்ப்பவரும் காத்திருக்க வேண்டும்.

படம் ஏன் மெதுவாகப் போகிறது என்பதற்கான பதில் இந்தக் காட்சிதான். இதை வேகமாக எடுத்திருந்தால் அது வெறும் ஒரு கொலை. லியோனி படங்களில் ஈஸ்ட்வுட் சுட்டு வீழ்த்திய எத்தனையோ பேருக்கு முகமும் பெயரும் கிடையாது. அவர்களில் எவனும் தண்ணீர் கேட்டதில்லை. முதல் ஒரு மணி நேரம் நம்மை நிதானத்துக்குப் பழக்கிவைப்பதே இந்தச் சாவை அவசரப்படாமல் பார்க்கவைக்கத்தான். 'தூக்கம் வந்தது' என்று சொல்பவர்களில் பலர் இந்தக் காட்சி வருவதற்கு முன்பே எழுந்துபோயிருப்பார்கள்.

மூன்றாவது புகார்தான் கனமானது. பெரும்பாலும் பெண் பார்வையாளர்கள் எழுப்புவது. டிலைலாவின் முகத்தில் விழுந்த கத்திக்கீறலில் தொடங்குகிறது கதை. தங்களைக் குதிரைகளுக்குச் சமமாக நடத்தினார்களே என்ற ஆத்திரத்தில் அந்தப் பெண்கள் கைக்காசைப் போடுகிறார்கள். அதற்குப் பிறகு கதை யாருடையது? ஆண்களின் குற்ற உணர்ச்சி, ஆண்களின் நட்பு, ஆண்களின் பழிவாங்கல். டிலைலா காய்ச்சலில் கிடக்கும் மன்னிக்குச் சாப்பாடு கொண்டு வருகிறாள். அங்கே ஓர் அழகான உரையாடல் உண்டு. ஆனால், தன் பெயரால் இத்தனை பேர் செத்தார்களே, அதைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று படம் ஒரு முறைகூடக் கேட்பதில்லை. டேவி கொண்டுவந்த குதிரையை ஏற்றுக்கொள்ளலாமா என்பதுபோல அவள் முகத்தில் ஒரு கணம் தயக்கம் தெரிகிறது. அதற்குள் மற்ற பெண்கள் அவன்மேல் சேற்றை வாரி எறிந்துவிடுகிறார்கள்.

இன்னொன்றும் அதோடு சேர்ந்ததே. நெட் லோகன் கறுப்பினத்தவர். படத்தில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால், ஷெரிஃப் அவரைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடிக்கும் காட்சியைப் பார்க்கும் எந்த அமெரிக்கருக்கும் அடிமைக் காலம் நினைவுக்கு வராமல் இருக்காது. சொல்லாமல் விட்டதைப் படத்தின் அடக்கம் என்கிறார்கள் சிலர். வசதியாக நழுவிக்கொண்டது என்கிறார்கள் வேறு சிலர். இந்தப் புகார்களை 'அந்தக் காலத்துப் படம்' என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. நல்ல படத்திலும் இருட்டு மூலைகள் உண்டு, அவற்றைச் சுட்டிக்காட்டுவதால் படம் சின்னதாகிவிடாது.

ஷெரிஃப் லிட்டில் பில் நல்லவரா, கெட்டவரா என்பதில் வீட்டுக்குள்ளேயே சண்டை வரலாம். ஜீன் ஹாக்மன் இந்த வேடத்தை முதலில் மறுத்தார். வன்முறைப் படங்களில் நடித்தது போதும் என்று இருந்தவரை ஈஸ்ட்வுட்தான் பேசிச் சம்மதிக்கவைத்தார். ஹாக்மனுக்குச் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது. சிறந்த படம், இயக்குநர், எடிட்டிங் ஆகியவற்றோடு மொத்தம் நான்கு விருதுகள். பில் தன் கையாலேயே ஒரு வீடு கட்டுகிறார். தச்சு வேலை சுத்தமாக வராது. ஒரு கோணம்கூட நேராக இல்லை, கூரை ஒழுகுகிறது. சிரித்த முகம், நல்ல பேச்சு, ஊரில் துப்பாக்கியே இருக்கக் கூடாது என்ற கொள்கை. அதே ஆள் சவுக்கை எடுத்தால் நிறுத்தத் தெரியாது. தான் செய்வது எல்லாம் சரி என்று நம்புபவர். இப்படி ஒரு மேலதிகாரியையோ வீட்டுப் பெரியவரையோ சந்திக்காதவர்கள் குறைவு.

சவுக்கடியில் நெட் செத்துப்போகிறார். கொலைக்கான கூலியைக் கொண்டுவரும் பெண்தான் மரத்தடியில் காத்திருக்கும் மன்னியிடம் அதைச் சொல்கிறாள். அதற்குச் சற்று முன்புதான் வாழ்க்கையில் முதல் கொலையைச் செய்துவிட்டு வந்த இளைஞன், குடித்துக்கொண்டே அழுதிருக்கிறான். ஒரு மனிதனைக் கொல்வது என்றால் அவனிடம் இருப்பதையும் இனி கிடைக்கப்போவதையும் சேர்த்துப் பறிப்பது என்ற பொருளில் மன்னி அவனிடம் பேசுகிறார். நெட்டின் சாவுச் செய்தியைக் கேட்டபடியே மன்னியின் கை விஸ்கி பாட்டிலை வாங்குகிறது. கத்தல் இல்லை, கண்ணீர் இல்லை. படம் முழுக்கத் தொடாத குடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிறார். மனைவி திருத்தி எடுத்த மனிதன் ஒவ்வொரு மிடறிலும் காணாமல் போகிறான்.

பிறகு மழை, இரவு, விடுதி. ஆயுதம் இல்லாத முதலாளியை முதலில் சுடுகிறார். ஷாட்கன் ஒரு முறை வெடிக்காமல் போகிறது. சில நொடிகளில் எல்லாம் முடிகிறது. செத்தவர்கள் ஐந்து பேர். தகர டப்பாவைச் சுட முடியாத கை, குடித்ததும் குறி தவறவில்லை. தரையில் கிடக்கும் ஷெரிஃப், 'எனக்கு இந்தச் சாவு தகுமா, நான் வீடு கட்டிக்கொண்டிருந்தேனே' என்கிறார். தகுதிக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டுச் சுடுகிறார் மன்னி.

ரசிகர்கள் கடுமையாக மோதிக்கொள்ளும் இடம் இதுதான். இரண்டு மணி நேரம் வன்முறை எவ்வளவு அசிங்கம் என்று பாடம் நடத்திவிட்டு, கடைசிப் பத்து நிமிடத்தில் பழைய ஈஸ்ட்வுட்டையே கொண்டுவந்து விசில் அடிக்கவைத்துவிட்டார்களே, இது ஏமாற்று வேலை அல்லவா என்கிறது ஒரு தரப்பு. ஆபத்தான கேள்வி. உண்மையில் விசில் வரத்தான் செய்கிறது. நண்பனைக் கொன்றவன், சவுக்கால் அடித்தவன், விழ வேண்டியவன் விழுகிறான் என்ற திருப்தி பார்ப்பவர் உடம்பில் ஓடத்தான் செய்கிறது.

ஆனால் காட்சியைக் கொஞ்சம் கவனித்தால், அந்தத் திருப்தியை அனுபவிக்க விடாமல் ஒரு ஆள் உள்ளே இருக்கிறார். அதே எழுத்தாளர். ஐந்து பிணங்களுக்கு நடுவே எழுந்து வந்து, 'முதலில் யாரைச் சுட்டீர்கள், அடுத்து யார்?' என்று மன்னியிடம் கேட்கிறார். கண்ணில் அதே பளபளப்பு. அவருக்கு அடுத்த ஹீரோ கிடைத்துவிட்டார். மன்னி சொல்லும் பதிலில் வீரம் எதுவும் இல்லை. கொலை விஷயத்தில் தனக்கு எப்போதும் அதிர்ஷ்டம் உண்டு என்கிறார், அவ்வளவே. விசில் அடித்த நாம் அந்த நொடியில் அந்த எழுத்தாளரின் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறோம். மன்னி தோற்றுப்போனதற்காகத்தான் நாம் மகிழ்ந்திருக்கிறோம். கிளாடியா வாழ்ந்து சாதித்ததெல்லாம் அந்த விடுதியில் ஒரே இரவில் அழிந்துவிட்டது.

இந்தப் படத்துக்கு ஜப்பானிலிருந்தும் ஒரு பதில் வந்தது. 2013-ல் லீ சாங்-இல் இதே கதையை ஹொக்கைடோ தீவில், சாமுராய்களின் காலம் முடிந்துபோன 1880-களில் வைத்து எடுத்தார். துப்பாக்கிக்குப் பதில் வாள். நாயகன் கென் வட்டனபே, ஈஸ்ட்வுட் இயக்கிய 'லெட்டர்ஸ் ஃப்ரம் இவோ ஜிமா'வில் நடித்தவர். இதில் ஒரு வட்டம் முழுமையாகிறது. ஈஸ்ட்வுட்டை உலகத்துக்கு அறிமுகப்படுத்திய 1964 படமே அகிரா குரோசவாவின் 'யோஜிம்போ' என்ற சாமுராய் படத்தின் தழுவல்தான். கத்தியை எடுத்தவன் வயதான பிறகு என்ன ஆவான் என்ற கேள்விக்கு நாடு கிடையாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கும் படம் அல்ல இது. கொலையும், விடுதிச் சூழலும், சவுக்கடியும் உண்டு. பிள்ளைகள் கல்லூரி வயதைத் தாண்டியிருந்தால் சேர்ந்து பார்க்கலாம். பார்க்கும்போது வேகத்தைக் கூட்டாதீர்கள். முடிந்ததும் டிலைலாவுக்குக் கிடைத்தது நியாயமா, ஷெரிஃப் விஷயத்தில் யார் சொல்வது சரி என்று பேசிப்பாருங்கள். அந்தக் கடைசித் துப்பாக்கிச் சத்தத்தின்போது மனம் எந்தப் பக்கம் நின்றது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிக்கொள்ளுங்கள். அப்பாவுக்கும் மகனுக்கும் பதில் ஒன்றாக இருக்காது.